ஈடு

பசளைக் களஞ்சியமாக இருந்த இடம்.
யூரியா வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை,
மழைக்கு முந்தின நாள் கூடும்.
தத்தாமி என்று பெயர்தான்.
தும்புத்தூள் நிரப்பி, லொறிப் படங்கால் மூடி
குஷன் வேலைக்காரர் ஒருவர் தைத்துத் தந்தது.
மூன்றாவது தையலருகே ஒரு பள்ளம்.
களுவாஞ்சிகுடியில் ஜூடோ பழகுகிற பதினொரு பேருக்கும்
அந்தப் பள்ளம் தெரியும்.
எதிராளியை அதற்குள் நகர்த்துவது குற்றமில்லை.

முப்பத்தாறு வயதில் சேர்ந்தேன்.
ஏன் என்றவர்களுக்கு முதுகுவலி என்று சொன்னேன்.
பிரதீஸ்காந்த் மாஸ்டருக்கு இருபத்துமூன்று,
பகலில் டயர் ஒட்டுகிற பெடியன்,
உள்ளங்கைக் கறுப்பு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.
முதல் இரண்டு மாசமும் விழத்தான் பழக்கினான்.
நாடியை நெஞ்சோடு ஒட்டு. கையால் நிலத்தை அடி.
சத்தம் வெளியே போனால் வலி உள்ளே வராதாம்.
"இடுப்பைக் கிறுக்குங்க அக்கா, இடுப்பை!
கையால தூக்கப் பாத்தா
மறுகா ஆள் உங்கட தலையிலதான் ஏறும்."

நான் நாள் முழுக்க நிறுக்கிறவள்.
கிராமிய வங்கி, ஈட்டு நகைக் கவுண்டர்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
மில்லிகிராம் வரைக்கும் பேசும் என் தராசு.
இங்கே இருப்பது நெல் நிறுக்கிற தராசு,
ஆலைக்காரர் சனிக்கிழமை மட்டும் தருவார்.
அதில் ஐம்பத்தேழரை காட்டினேன்.
தட்டில் ஒரு கிலோ உமி என்று கழித்து
ஐம்பத்தேழுக்குள் என்னை அடக்கினான் மாஸ்டர்.

தொடங்க முதல் எல்லாரும் கழற்றவேணும்.
தோடு, மோதிரம், கொலுசு, என் தாலிக்கொடி,
எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னுக்குள்.
பற்றுச்சீட்டு இல்லை.
இதுவரை ஒன்றும் மாறிப்போனதும் இல்லை.

இன்று எனக்குச் சோடி ஜெனோசியா.
பதினெட்டு வயது, இடக்கைக்காரி.
டின்னில் போட அவளிடம் எதுவும் இருக்கவில்லை,
ஒரு கறுப்பு நூலைத் தவிர.

காலையில்தான் ஏலப் பட்டியல் வந்தது.
இலக்கம் நாற்பத்தொன்று:
காப்பு இரண்டு, பதினாறு கிராம், ஒன்றில் நெளிவு.
வைத்தவர் பெயர் அவளுடைய தாயின் பெயர்.
கீழே கையொப்பம் என்னுடையது.

ஹஜிமே.

இடக்கை என் காலருக்கு வந்தது.
வலக்கை முழங்கைச் சீலையைச் சுருட்டிப் பிடித்தது.
ஒரு அடி. இன்னொரு அடி.
பள்ளத்துப் பக்கமாகத்தான் கொண்டுபோகிறாள்,
தெரிந்தும் போகிறேன்.
"ஈடு குடுங்க அக்கா! ஈடு குடுங்க!"
மாஸ்டர் கத்தினான்.
அந்தச் சொல்லில் அரைக் கணம் நின்றுவிட்டேன்.
அரைக் கணம் அவளுக்குப் போதும்.

கூரைத் தகரம், ஒற்றை பல்ப்,
வளையில் இரண்டு புறா,
மறுகா நிலம்.
கை தானாக அடித்தது.
எழும்ப முதல் அவள் புயம் என் கழுத்தைச் சுற்றி,
என் காது அவள் விலாவில்.
ஒன்று, இரண்டு என்று மாஸ்டர் எண்ணுகிறான்.
இருபது வரைக்கும் எண்ணுவான்.

தட்டினால் விடுவாள். இரண்டு தட்டு,
அவ்வளவுதான் சட்டம்.
என் கண்ணாடியிலும் தட்டுகிறார்கள்,
மோதிரமில்லாத விரலின் மொளியால்.

ஏழு. எட்டு.
அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.
அவள் பிடியில் அது இல்லை.
பிடி வெறும் பிடியாகவே இருந்தது,
வியர்வையும் சன்லைட் மணமுமாக.
பதின்மூன்றில் காதருகே மெல்லச் சொன்னாள்:
"மூச்சை அடக்காதீங்க அக்கா, விடுங்க."
விட்டேன்.
தட்டவில்லை.

முடிந்து டின்னைக் கவிழ்த்தபோது
என் தோட்டுச் சுரை ஒன்றைக் காணவில்லை.
போன் வெளிச்சத்தில் எல்லாரும் தேட
பள்ளத்துத் தையலிலிருந்து
ஜெனோசியாதான் கிள்ளி எடுத்தாள்.
உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.
பார்த்தவுடனே நிறை சொல்லிவிட்டது என் மனம்,
வெட்கங்கெட்ட மனம்.

வெளியே மழை இறங்கிவிட்டது.
தகரம் ஒழுகுகிற இடத்திலிருந்து
தத்தாமியை இழுக்கவேணும்,
ஒரு மூலைக்கு ஓராள்.
"வெள்ளிக்கிழமை வருவீங்கதானே?" என்றாள் குனிந்தபடி.
ஓம் என்றேன்.
வகுப்பு பின்னேரம் ஐந்தரைக்கு.
ஏலம் காலை பத்துக்கு.
"கையால இல்ல அக்கா, இடுப்பால," என்று சிரித்துக்கொண்டு
தன் மூலையைத் தூக்கினாள்.
நானும் என் மூலையை.